லாயோல் ஊருக்குப் போய் மடக்குக்கத்தி செய்வதைப் பார்த்து வந்தேன்

வடலி (பாரிஸ்), சனி இரவு 9:40

போன கிழமை நான்கு நாள் லீவு கிடைத்தது. பதினேழு வருடமாக இங்கே ஓர் உணவகச் சமையலறையில் வேலை. கத்தி இல்லாமல் என் நாள் விடிவதில்லை. இருந்தும் ஒரு கத்தியை முதலிலிருந்து கடைசி வரை செய்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்காகவே தெற்குப் பிரான்சில் மடக்குக்கத்திக்குப் பெயர்போன லாயோல் போனேன். எழுத்துக்கூட்டி வாசித்தால் லாகியோல் என்றுதான் வரும். ஊர்க்காரர் சொல்வது லாயோல்.

ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலை ரொடேஸ். அங்கே கார் எடுத்து வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் ஓப்ராக் மேட்டுநிலம். ஊர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும், கல் அடுக்கிய மதில்களும், மாடுகளும்தான். அந்த மாடுகளின் கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம், அவ்வளவு வடிவு. ஊர்ச் சதுக்கத்தில் வெண்கலத்தில் ஒரு காளை நிற்கிறது. கொஞ்சம் வெளியே 1987இல் தொடங்கிய ஃபோர்ஜ் டு லாயோல் தொழிற்சாலை. பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த கட்டடம். 18 மீட்டர் உயரக் கத்தி அலகு ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்ததுமே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அங்கே பார்த்ததைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஊருக்குள் இருந்த ஒரு சின்னப் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு பிடிகருவி, அரங்கள் ஒரு வரிசை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். நானும் கத்தியோடு பிழைக்கிறவன்தான் என்று சொன்னதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன்.

அலகு ஏற்கனவே தோய்ச்சல் கொடுத்து, அதாவது காய்ச்சிக் குளிரவைத்து உறுதியாக்கி, வந்திருந்தது. பிடிக்கு மாட்டுக்கொம்பின் நுனி. கொம்பு அடியில் உட்குழிவாக இருக்கும், நுனிதான் கெட்டி, அதனால் நல்ல பிடிக்கு நுனியை எடுக்கிறார்கள். அதைத் துளைக்கும்போது முடி கருகிய மணம் வந்தது. பிறகு பிடியில் சிறு சிறு துளை போட்டு, கம்பியைச் செலுத்தி, மட்டமாகத் தேய்த்து ஒரு சிலுவை வடிவம் கொண்டு வந்தார். மேய்ச்சல்காரர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அந்தச் சிலுவைக்கு முன்னால் செபம் சொல்வார்கள் என்று ஊரில் சொல்லி வருகிறார்கள்.

அப்புறம் வில்லை எடுத்தார். அலகை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும் முதுகுக் கம்பிதான் வில். அதைப் பிடிகருவியில் இறுக்கி, ஒரு சின்ன அரத்தை எடுத்து, கோடு எதுவும் வரையாமல் நேராகச் செதுக்கத் தொடங்கினார். இலை போல ஒரு வெட்டு, அடுத்து அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு கைக்கும் ஒரு கோலம் உண்டாம். கோலத்தைப் பார்த்தே யார் செய்த கத்தி என்று அவர்களுக்குள் சொல்லிவிடுவார்கள். வில்லின் நுனியில் தேனீ. அதையும் அரத்தாலேயே உருவாக்கினார். நெப்போலியன் கொடுத்த சின்னம் என்று கடைகளில் கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். இந்தத் தேனீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் பூவும் இலையும் போட்டிருக்கிறார்கள்.

செதுக்கி முடித்ததும் அலகையும் வில்லையும் தற்காலிக ஆணியில் கோர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டுக்கும் நடுவே முடி அளவு வெளிச்சம் தெரிந்தது. கழற்றி, அலகின் குதியில், அதாவது வில்லோடு உட்காரும் அடிப்பகுதியில், அரத்தால் ஒரே ஓர் இழுப்பு. திரும்பக் கோர்த்தார், வெளிச்சம் பார்த்தார், கழற்றினார். பதினொரு தரம் எண்ணினேன். பன்னிரண்டாவது தரம் வெளிச்சம் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் திறந்து காட்டினார். "டக்" என்று ஒரே சத்தம், கதவு சாத்திக்கொண்டது போல.

எங்கள் அப்பு வெற்றிலைப் பையோடு ஒரு மடக்குக்கத்தி வைத்திருப்பார். யாழ்ப்பாணத்தில் அதற்கு வில்லுக்கத்தி என்றுதான் பெயர். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த சொல், ஏன் வில் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த முக்காலியில் இருந்தபோது விளங்கியது. பெயர் வைத்தவன் கத்தியைச் சரியாகப் பார்த்திருக்கிறான். அலகு தேய்ந்தால் சாணை பிடிக்கலாம், பிடி உடைந்தால் வேறு போடலாம். வில் போனால் அது சட்டைப்பையில் வைக்க முடியாத வெறும் இரும்பு.

160 யூரோ கொடுத்து ஒன்று வாங்கி வந்தேன். இதோ மேசையில் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.


கொல்லன்பேரன் (மதுரை), சனி இரவு 11:15

அண்ணே, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. தாத்தா திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடித்தவர். அப்பா விட்டுவிட்டார், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உலையைப் பற்றவைக்கிறேன்.

நீங்கள் வில்லைப் பற்றி எழுதியது அப்படியே உண்மை. எங்கள் பக்கம் அரிவாளுக்கு லாரி பட்டையைத்தான், லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில் பட்டையைத்தான், வெட்டி அடிப்போம். அதுவும் வில்லுக்கு உள்ள இரும்புதானே. ஆனால் அதே இரும்பில் அரிவாள் வாய்க்கு வேண்டிய பதம் வேறு, வில்லுக்கு வேண்டிய பதம் வேறு. கொவ்வைப்பழச் சிவப்பு வரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கீழே போட்டால் உடையும். அதைத் தேய்த்து வெள்ளையாக்கி, மெதுவாகச் சூடு காட்டினால் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள். வெட்டும் வாய்க்கு அங்கே நிறுத்திவிட வேண்டும். விட்டால் பழுப்பு, ஊதா, கடைசியில் மயில்கழுத்து நீலம். வில்லுக்கு அந்த நீலம் வர வேண்டும். மஞ்சளில் நிறுத்தினால் வளைக்கும்போது முறியும், நீலத்தைத் தாண்டிவிட்டால் வளைந்தபடியே கிடக்கும். நிறம் ஓடும் நேரம் கண் இமைக்கிற நேரம்தான். தாத்தா பகலிலும் பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி வைத்திருப்பார், காய்ச்சிய இரும்பின் சிவப்பு கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

அங்கே வில்லை யார் பதப்படுத்துகிறார்கள்? அதே ஆளா?


வடலி, ஞாயிறு காலை 7:05

இல்லை தம்பி. அலகும் வில்லும் பதம் பார்த்துத்தான் அவரிடம் வருகின்றன. அலகு 1,000 பாகைக்கு மேல் சூளையில் போய்க் குளிர்ந்து, பிறகு இளக்கப்பட்டு வரும். பெரும்பாலும் 12சி27 என்ற ஸ்வீடன் துருப்பிடிக்காத எஃகு. அந்த வேலையில் கண்ணுக்குப் பதில் கருவி. கோர்ப்பதிலிருந்து மெருகு வரை ஒரே கை.

நீங்கள் எழுதிய நிறக் கணக்கை வேலை இடத்தில் என்னோடு நிற்கும் பிரெஞ்சுப் பொடியனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறேன்.


குளிர்தேசம் (ஷெபீல்ட்), ஞாயிறு காலை 10:30

வடலி அண்ணா கேட்ட அந்த "டக்" சத்தத்துக்கு இந்த ஊரில் ஒரு சொல்லே இருக்கிறது. நல்ல மடக்குக்கத்திக்கு நடையும் பேச்சும் இருக்க வேண்டும் என்பார்கள். திறக்கும்போது வில் வழுக்கிக்கொண்டு போவது நடை, வந்து உட்காரும்போது வரும் சத்தம் பேச்சு. நடை கரகரத்தாலும் பேச்சு தளர்ந்தாலும் கத்திக்காரர் அதை வெளியே அனுப்ப மாட்டார்.

ஷெபீல்டில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு சின்னப் பட்டறைகள் இருந்தன. ஒற்றை ஆளாக வாடகை மேசை பிடித்து வேலை செய்தவர்களுக்கு "லிட்டில் மெஸ்டர்" என்று பெயர். அவர்களில் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஸ்டான் ஷா 1926இல் பிறந்தவர், 2021இல் காலமானார். பள்ளிக்கூடம் விட்ட வயதில் மேசைக்கு வந்து தொண்ணூறு தாண்டியும் கத்தி செய்தார். கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் இந்தப் பட்டறைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். பிடிகருவிக்கு முன்னால் தரைப்பலகை கால் பட்டுத் தேய்ந்து குழி விழுந்திருக்கும். அதைத்தான் அவள் அதிக நேரம் பார்ப்பாள்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. இங்கே பூட்டு இல்லாத, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். லாயோலின் வழக்கமான அளவு அதைவிட நீளம். வீட்டில் வைத்து ரசியுங்கள். விமானத்தில் எங்கே போனாலும் சரக்குப் பெட்டிக்குள்தான்.


மரப்பிடி (சென்னை), ஞாயிறு பகல் 1:20

எனக்கு இதில் ஒரு மாற்றுக்கருத்து. மனதாரச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கையில் இருபது வருடமாக இருப்பது ஓபினெல் 8ஆம் எண் மடக்குக்கத்தி. அதன் பீச் மரப்பிடியை எந்த மேதையும் செதுக்கவில்லை, இயந்திரம் கடைந்து கொடுத்தது. ஜோசப் ஓபினெல் 1890இல் பிரான்சின் சவோய் மலைக் கிராமத்தில் தொடங்கியது. விவசாயி, மேய்ப்பன், திராட்சைத் தோட்டக்காரன் எல்லோராலும் வாங்க முடிய வேண்டும் என்பதே அதன் வடிவம். ஒரு அலகு, ஒரு பிடி, ஒரு ஆணி, ஒரு வளையம். 1955இல் திருகிப் பூட்டும் வளையம் வந்தது, அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. வில்லே கிடையாது! மழையில் மரம் ஊறி அலகு மாட்டிக்கொண்டால் பிடியின் அடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு எட்டிப் பார்க்கும். அதற்கு சவோய்க்காரன் தட்டு என்றே பெயர்.

ஜப்பானில் மிக்கி ஊரில் செய்யும் ஹிகோனோகாமிக்கும் வில் கிடையாது. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் அலகு, பின்னால் நீண்டிருக்கும் சின்ன வாலைக் கட்டைவிரலால் அழுத்தித் திறந்து, அழுத்தியபடியே வெட்ட வேண்டும். ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள்.

என் கேள்வி இதுதான். 160 யூரோ கத்தி மாங்காயை நன்றாக வெட்டுமா? கைவேலை என்று நாம் கொண்டாடுவது சாதாரண மனிதனின் கைக்கு எட்டாத ஒன்றாகப் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.


வடலி, ஞாயிறு மாலை 6:50

மரப்பிடி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் தலை வணங்குகிறேன். ஓபினெல் என்னிடமும் இருக்கிறது. சமையலறையில் காளான் துடைக்க, கயிறு வெட்ட அதுதான்.

ஆனால் லாயோலும் அதே மாதிரி ஆட்களுக்காகப் பிறந்ததுதான். 1829இல் பியர் ஜான் கால்மெல்ஸ் என்பவர் அங்கே தொடங்கினார். 1840 வாக்கில் அதில் ஒரு நீண்ட ஊசியைச் சேர்த்தார்கள். எதற்குத் தெரியுமா? ஈரப்புல் தின்று வயிறு ஊதிச் சாகக் கிடக்கும் மாட்டின் விலாவில் குத்திக் காற்றை வெளியேற்ற. மேய்ப்பன் சட்டைப்பையில் மாட்டு வைத்தியம். 1880இல் தக்கை திருகி வந்தது. ஓப்ராக் பக்கத்து ஆட்கள் பஞ்சம் பிழைக்க பாரிஸ் வந்து, முதலில் தண்ணீர் சுமந்து, நிலக்கரி விற்று, பிறகு கஃபே நடத்தினார்கள். வைன் போத்தல் திறக்க வேண்டியிருந்தது, அந்தத் தேவை கத்தியில் ஏறியது. அவர்கள் வந்து ஒரு நூற்றாண்டு கழித்து எங்களைப் போன்றவர்கள் அதே பாரிஸுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கினோம். நான் வேலை செய்யும் தெருவில் இரண்டு கஃபேக்களை இன்றும் அவ்யெரோன் (லாயோல் இருக்கும் மாவட்டம்) வம்சாவளியினர் நடத்துகிறார்கள். அதனால் அந்தத் திருகியைத் தொடும்போது எனக்கு அது அலங்காரமாகத் தெரியவில்லை.

மாங்காயா? போன வியாழன் வெட்டினேன். மெல்லிய அலகு, நன்றாகவே வெட்டியது. விலை என் இரண்டு நாள் சம்பளத்தை விடக் கொஞ்சம் கூட. அந்தப் பெண் அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டதால் கொடுக்கும்போது மனம் கனக்கவில்லை.


நாற்றங்கால் (குலசேகரம்), ஞாயிறு இரவு 8:10

நான் ரப்பர் கன்றுக்கு மொட்டு ஒட்டுகிறவன். ஒரு நல்ல நாளில் நூற்றுக்கணக்கில் ஒட்டுவோம். பட்டையில் மூன்று பக்கம் கீறி, மடலைத் தூக்கி, மொட்டுத் துண்டை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். கீறல் ஆழமாகப் போய் உள்ளே தண்டைத் தொட்டால் மொட்டு பிடிக்காது. அதனால் எனக்குக் கத்தி ஆடவே கூடாது. வில் தளர்ந்த கத்தியில் அலகு பக்கவாட்டில் ஒரு நூல் அசையும், அந்த ஒரு நூல் போதும் கன்று போக. மலிவாக வாங்கியது ஒரு பருவம் தாங்காது. மரப்பிடி ஐயா சொல்வது பழம் வெட்டச் சரி. தொழிலுக்கு வில் வேண்டும்.

லாயோல் என்று பெயர் போட்டு இணையத்தில் 600 ரூபாய்க்கும் கிடைக்கிறதே, அது என்ன?


வடலி, ஞாயிறு இரவு 9:30

அந்தப் பெயர் ஒரு வடிவத்தின் பெயராகிவிட்டது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். ஆசியாவில் செய்த மலிவுக் கத்தியிலும் தேனீ இருக்கும். 1993இல் ஒரு வணிகர் லாயோல் என்ற பெயரையே பல வகைப் பொருட்களுக்குப் பதிவு செய்துகொண்டார். ஊர்ப் பெயரை ஊரே பயன்படுத்த முடியாத நிலை. 2012இல் மக்கள் கோபத்தில் ஊர்ப் பலகையையே கழற்றினார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2019இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. பிரான்சிலேயே லாயோல் கத்திகளில் பெரும்பங்கு தியேர் நகரத்தில்தான் செய்யப்படுகிறது. அவர்களைப் போலி என்று சொல்லவே முடியாது. முதல் உலகப்போருக்குப் பிறகு லாயோலில் தொழில் படுத்துவிட்டபோது இந்த வடிவத்தை உயிரோடு வைத்திருந்தது தியேர். அங்கே துரோல் ஆற்றின் ஓட்டத்தில் சாணைச் சக்கரம் சுழலும். சாணைக்காரர்கள் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே ஓடும் கல்லில் அலகைப் பிடிப்பார்கள். தண்ணீரும் ஈரமும், குளிர் எலும்பைத் துளைக்கும். காலுக்குச் சூடாக இருக்க நாயைக் கால்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். பழைய படங்களில் வரிசையாக மனிதர்கள் படுத்திருக்க, ஒவ்வொருவர் காலிலும் ஒரு நாய். அங்கேயும் ஒருமுறை போகத்தான் இருக்கிறேன். மே மாதம் கத்தித் திருவிழா நடக்கும்.

வாங்குகிறவர்கள் தேனீயைப் பார்க்காதீர்கள். கத்தியை மூடி முதுகில் விரலை ஓட்டுங்கள், திறந்தும் ஓட்டுங்கள். வில்லும் பக்கத் தகடும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னொன்று, லாயோலை மூடும்போது "டக்" என்று விடக் கூடாது. பழைய முறையில் செய்தவற்றில் வாய் போய் வில்லில் மோதிப் பல் விழும். கடைசி விரல்கடை தூரம் கையால் தாங்கி இறக்க வேண்டும். எனக்கு அந்தப் பெண் மூன்று தரம் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்.


மலைமகள் (குன்னூர்), திங்கள் காலை 6:45

இங்கே இது என் முதல் பதிவு. அப்பா தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். அவரிடம் ஷெபீல்ட் முத்திரை போட்ட ஒரு பேனாக்கத்தி இருக்கிறது. பிடி கொம்பு, அலகில் பெயர் தேய்ந்துவிட்டது. நான்கு வருடம் முன்பு வில் முறிந்தது. ஊரில் பெரிய கடை ஒன்றில் கொடுத்தோம். பசை வைத்து ஒட்டித் தந்தார்கள், இரண்டே நாளில் விட்டுப்போனது. அப்பா அதை ரப்பர் பேண்ட் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். தூக்கிப் போட விடவில்லை. இதைச் சரி செய்ய முடியுமா?


குளிர்தேசம், திங்கள் மதியம் 2:00

கட்டாயம் முடியும், வீசிவிடாதீர்கள். ஆணிகளைத் தட்டி எடுத்தால் கத்தி துண்டு துண்டாகப் பிரிந்துவிடும், அப்படிப் பிரியும்படிதான் செய்திருக்கிறார்கள். பிடியில் ஆணியைச் சுற்றிக் கொம்பு வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறிந்த வில்லின் இரண்டு துண்டும் இருந்தால் அதுவே அச்சு. எக்காரணம் கொண்டும் அலகைப் பளபளப்பாகத் தேய்க்க விடாதீர்கள், மீதியிருக்கும் முத்திரை போய்விடும்.


கொல்லன்பேரன், திங்கள் இரவு 10:20

அக்கா, இரண்டு துண்டும் இருக்கிறதா? இருந்தால் என்னிடம் கொடுங்கள். அலகின் கனம் எவ்வளவோ வில்லும் அதே கனம் இருக்க வேண்டும். லாரி பட்டையிலிருந்து துண்டெடுத்து அடித்து மெலிய வைத்து, அரம் போட்டு வடிவத்துக்குக் கொண்டு வருகிறேன். வடலி அண்ணன் சொன்ன மாதிரி வெளிச்சம் பார்த்து உட்கார வைக்கிறேன். காசு வேண்டாம், எனக்கு இதைச் செய்து பார்க்க ஆசை.


மலைமகள், திங்கள் இரவு 10:48

இருக்கிறது தம்பி, அதே ரப்பர் பேண்டுக்குள்தான். அடுத்த வாரம் மதுரையில் மாமா வீட்டுக்கு வருகிறோம். கையிலேயே கொண்டு வருகிறேன்.


கொல்லன்பேரன், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:30

முதல் வில் மஞ்சளிலேயே நிறுத்திவிட்டேன், கோர்த்து மூன்றாம் முறை திறக்கும்போது முறிந்தது. இரண்டாவது இளகிப்போய் அலகு தொங்கியது. மூன்றாவது பதம் சரி, துளை ஒரு மயிரிழை தள்ளிப் போய்விட்டது. நாலாவது உட்கார்ந்தது. அலகின் குதியில் கை வைக்கவே இல்லை, எல்லாத் தேய்ப்பும் வில்லில்தான். பித்தளைக் கம்பியை ஆணியாக்கித் தலையை மெல்ல விரித்துத் தட்டினேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் இல்லை. தாத்தா இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் காட்டியிருப்பேன்.


குளிர்தேசம், ஞாயிறு மாலை 6:15

நாலு வில்! தம்பி, பேச்சு எப்படி இருக்கிறது?


மலைமகள், அடுத்த சனி, இரவு 8:25

அதை நான் சொல்கிறேன். நேற்று அப்பாவின் கையில் கொடுத்தேன். திறந்தார், பக்கத்து அறையில் இருந்த அம்மா "என்ன சத்தம்?" என்று எட்டிப் பார்த்தார். மூடினார், மறுபடி திறந்தார். வில்லை விரலால் தடவி, "இது வேற இரும்பு" என்றார். மதுரையில் ஒரு பையன் அடித்தது என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய் ஒரு கொய்யா பறித்து வந்து நாலாக வெட்டினார். ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்து, அந்தப் பையன் எப்போது வருவான் என்று கேட்டார்.


கொல்லன்பேரன், சனி இரவு 8:31

தீபாவளி முடிந்ததும் வருகிறேன் அக்கா. அப்பாவிடம் சொல்லுங்கள், கணுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், புது வில் ஒரு மாதம் வரை கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும்.